44 டிகிரியில் நின்றுபோகும் ஹீட் பம்ப்: போர் தண்ணீர் வீட்டில் உப்பெடுத்த வேலைப் பதிவு

காற்றிலுள்ள சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் சரியாகச் சுடவில்லை என்று சொன்னதும் பார்க்க வருபவர் வாயிலிருந்து முதலில் வருவது "கேஸ் போயிருச்சு" என்ற பேச்சுதான். கேஸ் என்பது அந்தச் சூட்டைச் சுமந்து போகும் குளிர்பதன வாயு. செட்டிநாட்டுப் பக்கம் பெரும்பாலும் கேஸ் போயிருக்காது. போர் தண்ணீரின் உப்பு, செம்மண் தூசி, குறை வோல்டேஜ் இந்த மூன்றில் ஒன்றுதான் மெஷினைப் படுக்க வைத்திருக்கும். கேஸ் லைனில் கை வைக்கும் முன் ஒரு வாளி, ஒரு ஸ்டாப்வாட்ச், இரண்டு தெர்மாமீட்டர், ஒரு கிளாம்ப் மீட்டர் இருந்தால் பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். காரைக்குடியை ஒட்டிய ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் நடந்த வேலை இது.

மெஷின் பிரிந்த வகை. வெளியே ஒரு யூனிட், உள்ளே 300 லிட்டர் எனாமல் பூச்சுத் தொட்டி, நடுவில் தண்ணீரைச் சுற்றவிடும் சிறிய பம்ப். பெயர்ப்பலகையில் வெப்பத் திறன் 3.8 கிலோவாட், இழுக்கும் மின்சாரம் 1 கிலோவாட், கேஸ் ஆர்-134ஏ. தொட்டிக்குள் துணைக்கு 2 கிலோவாட் ராடு, அதாவது கரண்டில் நேராகச் சுடும் கம்பி.

புகார் இதுதான்: தண்ணீர் 44 டிகிரி வரை வருகிறது, பிறகு ஹை பிரஷர் பிழை காட்டி யூனிட் நின்றுவிடுகிறது. மூன்று முறை அப்படி நின்றால் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி ஓடுகிறது. மிச்சச் சூட்டை ராடு ஏற்றிவிடுவதால் குளிக்கப் போகிறவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஈபி பில் வந்தபோதுதான் தெரிந்தது.

கணக்கைப் பார்த்துவிடலாம். 300 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 55-க்கு ஏற்ற 9.4 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் தேவை. சரியாக ஓடும் ஹீட் பம்ப் இதை இரண்டரை யூனிட் மின்சாரத்தில், சுமார் இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடும். 44-லிருந்து 55 வரை உள்ள 11 டிகிரியை மட்டும் ராடு ஏற்றினாலே தினம் 3.8 யூனிட் ஆகிறது. அதே 11 டிகிரிக்கு ஹீட் பம்புக்கு ஒரு யூனிட் போதும். இரண்டு மாத பில்லில் வித்தியாசம் சுமார் 170 யூனிட். வெந்நீர் வருகிறதே என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

முதலில் கரண்ட். யூனிட் நிற்கும்போது பிளக் பாயிண்டில் 221 வோல்ட், ஓடும்போது 196. ஒரு கிலோவாட் சுமைக்கு 25 வோல்ட் இறங்குவது அதிகம். வீட்டின் பழைய மரக் கேசிங் வயரிங்கிலிருந்து புது 2.5 ஸ்கொயர் ஒயர் பிரிகிற ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால், நியூட்ரல் ஜாயிண்ட் முறுக்கி டேப் சுற்றியதாக இருந்தது, டேப் கருகியிருந்தது. அலுமினியமும் செம்பும் நேராக முறுக்கப்பட்ட ஜாயிண்ட் இப்படித்தான் முடியும். மெயின் போர்டிலிருந்தே தனி 4 ஸ்கொயர் செம்பு லைன் இழுத்து, 20 ஆம்பியர் எம்சிபியும் மின்கசிவு வந்தால் வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் போட்ட பிறகு ஓடும்போது 217 வோல்ட். தண்ணீரும் கரண்டும் ஒரே டப்பாவில் இருக்கிற மெஷின் இது. ஆர்சிசிபி இல்லாமல் ஓடவிடவே கூடாது. பழைய வீடுகளில் மூன்றாவது பின்னுக்கு ஒயரே போயிருக்காது, அதையும் பார்த்துவிட வேண்டும். செம்புறாங்கல் நிலத்தில் கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும். சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது வேலையின் பகுதி.

கம்ப்ரஸரின் ரன் கெபாசிட்டரில் 35 மைக்ரோஃபாரட் என்று அச்சாகியிருந்தது, மீட்டர் 33.8 காட்டியது. பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்ற வேண்டும், இது பரவாயில்லை. அளக்கும் முன் கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிட வேண்டும், மெயின் அணைத்த பிறகும் அது பிடித்து வைத்திருக்கும். பிசிபி (எலக்ட்ரானிக் போர்டு) டப்பாவுக்குள் ரிலே பக்கத்தில் ஒரு செத்த பல்லியும் எறும்புக் கூடும் இருந்தன. பிரஷால் சுத்தம் செய்து, ஒயர் நுழையும் ஓட்டைகளை சிலிக்கானால் அடைத்தாயிற்று. இந்த ஊரில் போர்டு போவதற்கு மின்னலுக்கு அடுத்த காரணம் பல்லிதான்.

வோல்டேஜ் சரியான பிறகும் 44 டிகிரியில் ட்ரிப் ஆனது. அதனால் தண்ணீர்ப் பக்கம்.

யூனிட்டுக்குள் போகும் குழாயிலும் வெளிவரும் குழாயிலும் தெர்மாமீட்டர் முனையை வைத்து, மேலே பஞ்சு சுற்றி டேப் ஒட்டி, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தால் உள்ளே 40, வெளியே 53. வித்தியாசம் 13 டிகிரி. இந்த வகை யூனிட்டில் 5 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இனி எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

தொட்டிக்குத் திரும்பும் குழாயின் மறை இணைப்பான யூனியனைக் கழற்றி ஹோஸ் மாட்டி வாளியில் பிடிப்பதுதான் வழி. ஆனால் ஹோஸ் முனையைத் தரையில் விட்டால் மாடித் தொட்டியின் அழுத்தமே தண்ணீரைத் தள்ளும், பம்ப் செத்திருந்தாலும் வாளி நிறையும். பலர் ஏமாறுவது இங்கேதான். முறை இது: தொட்டிக்கு வரும் குளிர்நீர் வால்வை மூட வேண்டும். மேலே போகும் காற்றுக் குழாயில் நிற்கும் தண்ணீர் இறங்கும்வரை முதல் வாளியைக் கணக்கில் எடுக்காமல் விட வேண்டும். பிறகு ஹோஸ் முனையைத் தொட்டியின் மேல்மட்டத்துக்குச் சமமாகத் தூக்கி, ஸ்டூல் மேல் வைத்த வாளியில் பிடிக்க வேண்டும். கன்ட்ரோலரில் பம்பை மட்டும் ஓட்டும் வசதி இருந்தால் அதில் போட வேண்டும், கம்ப்ரஸர் ஓடக் கூடாது. 10 லிட்டர் வாளி நிறைய 2 நிமிடம் 34 விநாடி ஆனது. அதாவது நிமிடத்துக்கு 3.9 லிட்டர். இருக்க வேண்டியது 11-க்குப் பக்கம்.

இந்த இரண்டு எண்ணும் சேர்ந்தால் ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. நிமிடத்துக்கு லிட்டரை 60-ஆல் வகுத்து, 4.186-ஆலும் டிகிரி வித்தியாசத்தாலும் பெருக்கினால் கிலோவாட் வரும். 3.9-ஐ 60-ஆல் வகுத்து 4.186, 13 இரண்டாலும் பெருக்கினால் 3.5 கிலோவாட். பெயர்ப்பலகையில் 3.8. மெஷின் சூட்டை முழுசாகவே உற்பத்தி செய்கிறது, அந்தச் சூட்டை எடுத்துப் போகத்தான் தண்ணீர் போதவில்லை. கேஸ் குறைந்த யூனிட் 3.5 கிலோவாட் தராது. அங்கேயே கேஸ் பேச்சு முடிந்தது. ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் கேஸ் ஏற்றினால் பிரஷர் இன்னும் ஏறும், ட்ரிப் இன்னும் சீக்கிரம் வரும், கடைசியில் கம்ப்ரஸரையே மாற்றச் சொல்வார்கள்.

தண்ணீர்க் குழாயில் இருக்கும் வடிகட்டியான ஒய்-ஸ்ட்ரெய்னரைத் திறந்தால் வலையில் பாதி மணலும் துருப்பொடியும் அடைத்திருந்தன. பழைய டூத் பிரஷால் கழுவிப் போட்டதும் 3.9 லிட்டர் 5.8 ஆனது. சுற்று பம்பின் முன்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி ஷாஃப்டை ஸ்க்ரூடிரைவரால் சுற்றிப் பார்த்ததில் லேசாகச் சுற்றியது. லைனில் காற்று அடைத்த களகள சத்தமும் இல்லை. மிச்ச அடைப்பு, கேஸின் சூடு தண்ணீருக்கு மாறும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள்தான்.

உறுதி செய்ய இப்போது மட்டும் கேஸ் லைனில் பிரஷர் கேஜ் மாட்டியது. உள்ளே போகும் தண்ணீர் 40, வெளியே 49, கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் கேஸின் பிரஷர் (டிஸ்சார்ஜ்) 229 பிஎஸ்ஐ. ஆர்-134ஏ-க்கு 229 பிஎஸ்ஐ என்றால் கேஸ் திரவமாகும் சூடு 60 டிகிரி. கேஸுக்கும் வெளிவரும் தண்ணீருக்கும் 11 டிகிரி இடைவெளி. சுத்தமான எக்ஸ்சேஞ்சரில் இது 3-லிருந்து 5-க்குள் இருக்கும். நடுவில் ஒரு சுண்ணாம்புப் படலம் உட்கார்ந்து சூட்டைத் தடுக்கிறது. தொட்டி 44-ஐத் தாண்டும்போது கேஸ் பக்கம் 70-ஐத் தொட்டு, 290 பிஎஸ்ஐ-யில் சுவிட்ச் வெட்டிக்கொண்டிருந்தது. சுவிட்ச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அதை ஷார்ட் செய்து ஓட்டுவது கம்ப்ரஸரைக் கொல்வது.

உப்பெடுத்தல்

இந்த வேலைக்கு வாங்க வேண்டியது சல்ஃபாமிக் அமிலம், வெள்ளைப் பொடி. பாத்ரூம் கழுவும் ஆசிட் ஆகவே ஆகாது. அது ஹைட்ரோகுளோரிக், ஸ்டெயின்லெஸ் தட்டை ஊசித் துளையாக அரித்துவிடும். சிட்ரிக் அமிலம் லேசான படிவுக்குச் சரி. கெட்டியான சுண்ணாம்பில் சிட்ரிக் போட்டால் கால்சியம் சிட்ரேட் என்ற கரையாத வண்டல் உண்டாகி, குறுகலான வழியை அதுவே அடைக்கும், சூடாக ஊற்றினால் இன்னும் மோசம். சல்ஃபாமிக் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து உண்டாக்கும் உப்பு தண்ணீரில் நன்றாகக் கரையும்.

மற்ற சாமான்கள்: 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, ஏர் கூலரில் போடும் சின்னப் பம்ப், இரண்டு மீட்டர் ஹோஸ் இரண்டு துண்டு, கிளிப், பிஹெச் தாள், ஆப்ப சோடா ஒரு கிலோ, ரப்பர் கையுறை, கண்ணாடி, கெட்டியான பிளாஸ்டிக் ஷீட். ஷீட்டை விட்டுவிடாதீர்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் வார்த்தது. ஒரு சொட்டு அமிலம் விழுந்தாலும் அந்த மினுக்கு போய் வெள்ளைத் தழும்பு நிற்கும், எத்தனை தேய்த்தாலும் திரும்ப வராது. சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கும் அதே கதிதான். பின்கட்டுத் தரை, சுவர் அடி இரண்டையும் மூடிவிட்டே வாளியை வைக்க வேண்டும்.

மெயின் அணைத்து, யூனிட்டின் இரண்டு பக்கமும் வால்வை மூடி, இரண்டு யூனியனையும் கழற்ற வேண்டும். அமிலம் எக்ஸ்சேஞ்சருக்குள் மட்டும்தான் சுற்ற வேண்டும், தொட்டிக்குப் போகக் கூடாது. அங்கே தான் கரைந்து தொட்டி இரும்பைக் காக்கும் மெக்னீசியத் தடி (ஆனோடு) இருக்கிறது, அமிலம் அதை நிமிடத்தில் தின்றுவிடும். வாளியில் முதலில் 15 லிட்டர் சாதாரண தண்ணீர், பிறகு 750 கிராம் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது. இது 5 சதவீதக் கரைசல், ஏறக்குறைய 380 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும். கூலர் பம்பை வாளியில் மூழ்கவைத்து எக்ஸ்சேஞ்சரின் கீழ்வாய் வழியாக ஏற்றி, மேல்வாயிலிருந்து வாளிக்கே திரும்பவிட வேண்டும். கீழிருந்து ஏற்றினால்தான் உண்டாகும் காற்றுக் குமிழ்கள் மேலே தப்பும். வாளி திறந்த இடத்தில் இருக்கட்டும். பிளீச்சிங் பவுடரோ பாத்ரூம் லிக்விடோ பக்கத்திலேயே வரக் கூடாது, சேர்ந்தால் விஷவாயு.

முதல் ஐந்து நிமிடம் சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரை வந்தது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஹோஸை மாற்றி ஓட்டம் திருப்பப்பட்டது. 25 நிமிடத்தில் நுரை நின்றது. நுரை நின்றால் இரண்டு அர்த்தம் உண்டு: சுண்ணாம்பு தீர்ந்தது அல்லது அமிலம் தீர்ந்தது. பிஹெச் தாள்தான் சொல்லும். தாள் 4-க்கு மேல் காட்டியதால் அமிலம் தீர்ந்தது என்று தெரிந்து, இன்னும் 250 கிராம் சேர்த்ததும் நுரை மறுபடி வந்தது. அடுத்த 20 நிமிடத்தில் நுரை நின்றும் பிஹெச் 2-க்குக் கீழேயே இருந்தது. அப்போதுதான் வேலை முடிந்தது. கரைசல் நீலப்பச்சையாக மாறத் தொடங்கினால் செம்பு கரைகிறது என்று பொருள், உடனே நிறுத்த வேண்டும். இங்கே மங்கலான பழுப்பு மட்டும் வந்தது, அது துரு.

அமிலத்தை வடித்து வேறு வாளியில் எடுத்து, நுரை நிற்கும்வரை ஆப்ப சோடாவைத் தூவிச் சமப்படுத்தி, பிறகே சாக்கடையில் விட வேண்டும். வளவிலும் (நடு முற்றம்) கிணற்றடியிலும் ஊற்றக் கூடாது. எக்ஸ்சேஞ்சரில் ஒரு வாளி சோடாத் தண்ணீர் ஐந்து நிமிடம், அடுத்து நல்ல தண்ணீர் மூன்று வாளி. யூனியனுக்குப் புது வாஷர் போட்டு, காற்று எடுத்து, ஓட்டிப் பார்த்தபோது கிடைத்த எண்கள்: நிமிடத்துக்கு 10.6 லிட்டர், உள்ளே 40, வெளியே 45, டிஸ்சார்ஜ் 172 பிஎஸ்ஐ, அதாவது 49 டிகிரி. இடைவெளி 11-லிருந்து 4 ஆனது. கரண்ட் 5.6 ஆம்பியரிலிருந்து 4.6-க்கு இறங்கியது. தொட்டி 55-ஐ ட்ரிப் இல்லாமல் தொட்டது. ராடின் சுவிட்சை அணைத்தாயிற்று.

டிடிஎஸ் மீட்டரை வைத்து உப்புப் படிவைக் கணிக்க முடியாது. அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், படிவது கால்சியமும் மெக்னீசியமும்தான். சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் கடினத்தன்மைக் கிட் மலிவுதான். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 600 வரை என்கிறது. 300-ஐத் தாண்டும் போர் தண்ணீரில் வருடம் ஒரு முறை உப்பெடுக்கும் வேலை நிச்சயம் உண்டு. அதைத் தள்ளிப்போட மலிவான வழி, செட் டெம்பரேச்சரை 60-லேயே வைக்காமல் 52-க்கு இறக்குவது. சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு வேகமாகப் பிரியும். ஆனால் வாரம் ஒரு நாள் 60-க்கு ஏற்றிவிட வேண்டும், வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமி வளரும். டைமரை விடியற்காலைக்கு வைப்பதும் நட்டம். மார்கழி விடிகாலையில் காற்று 21 டிகிரி, மதியம் 30. அதே தண்ணீரை மதியம் 1 மணிக்குச் சுடவைத்தால் மின்சாரம் குறையும், நல்ல இன்சுலேஷன் தொட்டியில் காலை வரை சூடு நிற்கும்.

காற்றுப் பக்கம்

அடுப்படிப் புகைக்கூண்டுக்குப் பக்கத்தில் யூனிட்டை மாட்டியிருந்ததால் காற்றின் சூட்டை எடுக்கும் காயிலின் மெல்லிய தகடுகளில் (ஃபின்) செம்மண் தூசியோடு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளமாக ஒட்டியிருந்தது. உள்ளே போகும் காற்று 31, வெளிவருவது 19. 12 டிகிரி இறங்குகிறது என்றால் காற்று குறைவாக ஓடுகிறது. சரியான யூனிட்டில் 5 முதல் 8. காய்ந்த தூசியை மென்மையான பிரஷால் ஃபின் வாக்கில் மேலிருந்து கீழே இழுத்து, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, விசிறிப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தோட்டத்து ஹோஸால் கழுவ வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி உள்ளே போய் உட்காரும். கார் கழுவும் பிரஷர் கன் ஃபின்னை மடக்கிவிடும். காஸ்டிக் கலந்த கிளீனர் அலுமினியத்தைத் தின்னும். கழுவிய பின் வித்தியாசம் 7 டிகிரி.

யூனிட்டை வளவில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். வெளிவரும் குளிர்காற்று கனமானது, நான்கு பக்கமும் அடைத்த முற்றத்தில் அடியில் தேங்கி, அதையே யூனிட் திரும்ப இழுக்கும். பின்கட்டு வெளிச்சுவர்தான் சரி, பின்னால் 30 சென்டிமீட்டர், முன்னால் ஒரு மீட்டராவது திறந்திருக்க வேண்டும். ஐப்பசி ஈரக்காற்றில் காயிலிலிருந்து தண்ணீர் நிறையச் சொட்டும். அதற்குத் தனிக் குழாய் போடாவிட்டால் சுவரடிச் சுண்ணாம்பு ஊறி உதிரும்.

காயிலில் பனி பிடித்தால் அதை இந்த ஊரில் எப்போதும் பழுதென்றே எடுக்க வேண்டும். காற்று 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே போகிற இடத்தில் காயில் பூஜ்யத்துக்குக் கீழே போக வேறு காரணமில்லை: ஃபேன் நின்றிருக்கும், ஃபின் அடைத்திருக்கும், எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்திருக்கும் அல்லது உண்மையிலேயே கேஸ் கசிந்திருக்கும். கசிவென்றால் ஃப்ளேர் ஜாயிண்டில் எண்ணெய்க் கறை தெரியும், சோப்பு நுரை வைத்தால் குமிழ் விடும். அப்போது மட்டும் கேஸ் வேலை: நைட்ரஜன் ஏற்றிக் கசிவைப் பிடித்து அடைத்து, ட்ரையர் மாற்றி, 500 மைக்ரானுக்குக் கீழே வேக்குவம் எடுத்து, பெயர்ப்பலகையில் போட்ட கிராமைத் தராசு வைத்து ஏற்ற வேண்டும். பிரஷரைப் பார்த்துத் தோராயமாக ஏற்றுபவரை அனுமதிக்காதீர்கள். புது யூனிட்டில் ஆர்-32 அல்லது ஆர்-290 என்று எழுதியிருந்தால் அது தீப்பிடிக்கும் கேஸ், பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும்.

ஆனோடு

தொட்டி மேல்மூடியில் 27 மில்லிமீட்டர் சாக்கெட்டில் கழன்றது. 22 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெக்னீசியத் தடியில் மேல்பாதி மட்டும் மிச்சம், கீழே நடுக்கம்பி தெரிந்தது. உப்புத் தண்ணீரில் கரண்ட் எளிதாக ஓடுவதால் தடி சீக்கிரம் கரையும். புதிதைப் போட்டு மூடியில் தேதி எழுதியாயிற்று. கம்பி தெரிய ஆரம்பித்தால் அடுத்துத் தொட்டியின் இரும்புதான் கரையும். கழற்றும்போதே அடியில் வண்டலை வடிப்பது நல்லது. முதலில் ராடின் எம்சிபியை இறக்கி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, அப்புறம்தான் வடிகால் வால்வு. காற்று போக வழியில்லாமல் வடித்தால் தொட்டி உள்வாங்கும், தண்ணீர் இல்லாமல் ராடு எரிந்தால் அதே நிமிடம் போய்விடும்.

பூட்டிய வீடுகளுக்கு

பிள்ளையார் நோன்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகளில் மெஷின் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவது அதிகம். பூட்டிப் போகும்போது தொட்டியை முழுக்க வடித்து, ஸ்ட்ரெய்னரைக் கழுவி, மெயினை இறக்கி, யூனிட்டின் பக்கங்களை எலி நுழையாத வலையால் மறைக்க வேண்டும். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டக் கூடாது, உள்ளே ஈரம் தங்கி டெர்மினல் பச்சை பூக்கும். திறக்கும்போது ஃபேன் கூண்டில் அணில் கூடும் குளவிக் கூடும் இருக்கிறதா என்று பார்த்து, பிளேடைக் கையால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பம்ப் ஷாஃப்டை ஸ்க்ரூடிரைவரால் விடுவிக்காமல் கரண்ட் கொடுத்தால் உப்பு பிடித்து இறுகியிருக்கும் பம்பின் வைண்டிங் எரியும். தொட்டியை நிரப்பி எல்லாக் குழாயிலும் தண்ணீர் சீராக வந்த பிறகு மெயினைப் போட்டு, கம்ப்ரஸர் ஆயிலைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள யூனிட்டானால் அரை நாள் விட்டு, பிறகு ஓட்ட வேண்டும். முதல் முறை 60 டிகிரிக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் அந்தச் சூட்டுத் தண்ணீரை ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். ஆவியை மூச்சில் இழுக்காமல் கதவைத் திறந்து வைத்து, தள்ளி நின்று செய்ய வேண்டும். விருந்தினர் வருவதற்கு முதல் நாளே இது முடிந்திருக்க வேண்டும்.

இந்த வீட்டு யூனிட்டின் பக்கத் தகடின் உள்புறம் ஒட்டிய தாளில் நான்கு எண்கள்: நிமிடத்துக்கு 10.6 லிட்டர், தண்ணீரில் 5 டிகிரி, காற்றில் 7 டிகிரி, 4.6 ஆம்பியர். தண்ணீர் வித்தியாசம் 8-ஐத் தொட்டால் ஸ்ட்ரெய்னர், அப்படியும் இறங்காவிட்டால் சல்ஃபாமிக்.